சுகிர்தம் கேட்ட மழை

என் மகள் சுகிர்தம் ஐந்து வயது முடிந்தும் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. பசி என்றோ வலி என்றோ சொன்னதில்லை. கடிப்பாள். பிறாண்டுவாள். கையில் கிடைத்ததை எறிவாள். சுவரில் தலையை முட்டுவாள். அவளைக் கூட்டிக்கொண்டு தெரு வழியாக நடக்க வெட்கப்பட்டு, உடைமரக் காட்டைச் சுற்றிக் கிணற்றுக்குப் போய்வந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் அந்தக் கிணற்றடியில் நின்று, இவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். பாளையங்கோட்டை போர்டிங்கில் படித்தவள், வாத்தியார் மனைவி, இப்படி நினைத்தேன். அங்கிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சகோதரிகளே, நான் மாசிலாமணி வாத்தியார் வீட்டு அன்னப்பழம். பெண்கள் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லும்படி, நம் குருவானவரின் மனைவி ஐயரம்மாள் கேட்டார்கள். எனக்கு வாய்க்குக் குறைவில்லை என்பது இந்த ஊருக்கே தெரியும். ஆனால் இதைச் சொல்ல எழுந்தால் பாதியில் அழுது உட்கார்ந்துவிடுவேன். ஆகவே எழுதித் தருகிறேன். யாராவது சத்தமாக வாசியுங்கள்.

எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் இல்லை. தாமிரபரணி எட்டின தூரத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் அது எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாடு மாதிரி, வாசனை மட்டும்தான். பனையும் கிணறும் மழையுமே எங்களுக்குக் கதி. சுகிர்தம் பிறந்த சமயம் மழை வருஷா வருஷம் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் சாயங்காலக் குடும்ப ஜெபத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. நல்ல மனிதர், ஆனால் ஜெபம் நீளம். அது எங்கள் வீட்டில் தொடங்கி, ராஜாவையும் கலெக்டரையும் பார்த்துவிட்டு, கொழும்புத் தோட்டங்களைச் சுற்றி, ரங்கூன் வரை போய்த் திரும்பி ஊர் வந்து சேரும்போது அடுப்பில் சோறு அடிப்பிடித்திருக்கும். கடைசி விண்ணப்பம் எப்போதும் மழைக்குத்தான். "வறண்டுபோன பூமிக்கு மழையைத் தந்தருளும் சுவாமி, ஆமென்" என்று முடிப்பார். அதற்குள் அவர் தொண்டையும் வறண்டிருக்கும். ஆமென் சொன்ன கையோடு கையை நீட்டுவார். நான் செம்பில் தண்ணீர் கொடுப்பேன். வருஷக் கணக்கில் இதே வழக்கம்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். நான் உரலில் கேப்பை இடித்துக்கொண்டிருந்தேன். சுகிர்தம் முன்னால் வந்து நின்றாள். தகப்பனார் குரல் எப்படி ஏறி இறங்குமோ அப்படியே ஏற்றி இறக்கி, "வறண்டுபோன பூமிக்கு மழையைத் தந்தருளும் சுவாமி, ஆமென்" என்றாள்.

உலக்கை என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை! நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அவர் ஓடிவந்தார். "ஏளா, என்னளா ஆச்சு?" என்று கேட்டார். அவர் காதுபட அவள் மறுபடியும் சொன்னாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சொன்னாள். அவர் அங்கேயே முழங்காலில் விழுந்து கண்ணை மூடினார். நானும் மூடினேன். ஜெபிக்கிற பிள்ளை கையை நீட்டலாமா, குவிக்க வேண்டாமா என்று அவள் கைகளைப் பிடித்துச் சேர்த்துவைத்தேன். அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அடுத்து வந்த ஞாயிறு ஆராதனையில், நல்ல வெயில் நேரத்தில், பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று அதே வரியைச் சொன்னாள். சபை முழுவதும் தலை குனிந்து ஆமென் சொன்னது. அந்த வாரமே கோடை மழை இறங்கியது. அதற்குப் பின்பு நடந்தது உங்களுக்கே தெரியும். "மழைப் பிள்ளை" என்று பெயர் வைத்தீர்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நானும் அவளுக்குத் தலைசீவி, பூவைத்து, நடுவில் நிறுத்தினேன். எனக்கு எவ்வளவு பெருமை! அவள் சொல்வாள். எல்லோரும் கண்ணை மூடுவோம். யாராவது அவள் கையைக் குவித்துவிடுவோம். அவள் கத்துவாள், கடிப்பாள், செம்பையும் தட்டையும் தூக்கி வீசுவாள்.

இப்படிப் பக்தியும் இப்படிப் பேய்க்குணமும் ஒரே பிள்ளையிடம் எப்படி என்று ஊர் குழம்பியது. அசுத்த ஆவி என்று சில பெண்கள் சொன்னார்கள். சபையில் வேதம் போதிக்கிற உபதேசியார் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"பேய் எங்கனயாவது ஆமென் சொல்லுமா? இது பிடிவாதம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பிரம்போ? வீட்டுலயும் எடும் வே, வாத்தியாரே!" என்றார்.

என் வீட்டுக்காரர் எடுத்தார்.

"இம்புட்டுப் பெரிய ஜெபம் சொல்லுத வாய்க்கு அம்மான்னு ஒரு சொல்லு வராதோ? வேணும்னே பண்ணுதா" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேச்சே வராத ஊமைப் பிள்ளை என்றால் இரக்கப்பட்டிருப்போம். இவளுக்குத்தான் அவ்வளவு அழகாகப் பேச வருகிறதே! தகப்பனார் ஜெபத்திலிருந்து இன்னும் நான்கைந்து வரிகளை எடுத்து, சுருதி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாளே! அப்படிப்பட்டவள் சோற்றுத் தட்டை எறிந்தால் அதைத் திமிர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பிரம்புக்கும் அடங்கவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு போர்டிங்கில் கொண்டுபோய் விட்டோம். சின்னப் பிள்ளைகளை அவர்கள் சேர்ப்பதில்லை. அங்கே மேற்பார்வை பார்த்த அம்மாள் எனக்குத் தூரத்து உறவு, ஆகவே இணங்கினாள். நான் திரும்பி நடந்தபோது சுகிர்தம் அழவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கடல் கடந்து போனவர்களைச் சுகமாய் வீடு சேர்த்தருளும் சுவாமி" என்று சத்தமாகச் சொன்னாள். பாருங்கள், பிரிகிற நேரத்திலும் பிறருக்காக ஜெபிக்கிறாள் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். அந்த அம்மாள் வளையல் கையில் துணி சுற்றியிருந்தாள். கடித்துவிட்டாளாம். "ஆனாலும் அன்னப்பழம், இவ ஜெபத்தைக் கேட்டா கல்லும் கரையும். விடிஞ்சதிலிருந்து அடையுத வரை கடல் கடந்தவங்களுக்காகத்தான் ஜெபிக்கா. தகப்பனார் கொழும்புல இருக்க பிள்ளைகள்லாம் இவளைச் சுத்தி உக்காந்து அழுதுங்க" என்றாள். அழகு பார்க்க வைத்திருந்தார்களே தவிர, அவர்களாலும் அவளைச் சமாளிக்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள். வண்டியில் ஏறினதும் என் மடியில் படுத்து ஊர் வந்து சேரும்வரை தூங்கினாள். அந்த வரியை அதற்குப் பிறகு வெகுநாள் சொல்லவில்லை. போர்டிங் போய்வந்ததில் கொஞ்சம் அடங்கியிருக்கிறாள் என்று அவரிடம் சொன்னேன்.

சீமையில் புதிய ராஜாவுக்கு முடிசூட்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷத்து ஐப்பசியில் சுகிர்தத்துக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்தோம். நாளாக ஆக உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடு வெடித்தது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்.

"பச்சைத் தண்ணி மட்டும் காட்டிராதீங்கம்மா. சன்னி கண்டுரும். நாக்கு வறண்டா சுக்குக் கசாயம் ரெண்டு சொட்டு விடுங்க, போதும்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். சுகிர்தம் கசாயத்தைத் துப்பினாள். மழை வரியைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிற்று. சாகப்போகிற நேரத்திலும் ஊருக்காக மன்றாடுகிறாள் என்று பார்க்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் சொல்லும்போதெல்லாம் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அன்று மத்தியானம் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் துணி நனையுமுன் வீட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் மூவரும்தான் இருந்தோம். ஓலைக்கூரையில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. அவர் பாயருகே முழங்காலிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். எனக்கு ஜெபம் வரவில்லை. ராஜாவும் கலெக்டரும் வரவில்லை. போர்டிங்கில் படித்த பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. வாய்க்குள்ளே இவ்வளவுதான் சொன்னேன்: "சுவாமி, எம்பிள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலையே. எனக்குக் காட்டும்."

அவள் குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "வறண்டுபோன பூமிக்கு மழையைத் தந்தருளும் சுவாமி."

வெளியே மழை கொட்டுகிறது. இவள் எந்த மழையைக் கேட்கிறாள்?

நான் கண்ணைத் திறந்தேன். சகோதரிகளே, ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது, எனக்கு விவரம் தெரிந்த பிறகு அதுதான் முதல் தடவை. சின்னவளாக இருந்தபோது திறந்ததற்கு என் தாயார் குட்டியிருக்கிறாள். பிறகு திறந்ததே இல்லை. திறந்து பார்த்தால், சுகிர்தம் வானத்தையும் பார்க்கவில்லை, தகப்பனாரையும் பார்க்கவில்லை. அவருக்காக நான் பக்கத்தில் தயாராக வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க முடியாமல் தூக்கி இரண்டு கையையும் அதன் பக்கம் நீட்டியிருந்தாள். பிறகு "ஆமென்" என்றாள். என்னைப் பார்த்தாள்.

அப்பா அந்த வரியைச் சொல்வார், ஆமென் சொல்வார், கையை நீட்டுவார், அம்மா தண்ணீர் கொடுப்பாள். பிறந்தது முதல் அவள் பார்த்தது அதுதான். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்கிற விதம் அதுதான் என்று கற்றுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துத்தான் கற்றாள். சரியாகத்தான் சொன்னாள். அவள் தொண்டை வறண்டு கேட்டபோதெல்லாம் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். நீட்டிய கையைப் பிடித்துக் குவித்தோம். விடாமல் பிடித்தோம். அவள் கடிக்காமல் என்ன செய்வாள்?

நான் செம்பை எடுத்து அவள் வாயில் வைத்தேன். நான் அசைந்ததில் அவர் கண்ணைத் திறந்தார்.

"ஏளா! வைத்தியர் கொடுக்காதேன்னு சொன்னாரே!"

"வைத்தியர் கிடக்கட்டும். பிள்ளை தண்ணி கேக்குதா. இம்புட்டு நாளும் தண்ணிதான் கேட்டிருக்கா. இங்கன பாருங்க!"

அவள் குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் அந்த வரியைச் சொன்னாள். மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் சொன்னாள். சொன்னால் கிடைக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியம்போல, குடித்து முடித்த பிறகும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்போதும் கொடுத்தேன். என் கையை அவள் கடிக்கவில்லை.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "அப்போ அந்தக் கடல் கடந்தவங்களுக்கு ஜெபிச்சாளே, அது என்னளா?"

என் தம்பி கொழும்பிலிருந்து வந்து வாசலில் இறங்கிய அன்று, இவர் அந்த வரியைச் சொல்லித்தான் அவனைக் கட்டிப்பிடித்தார். அந்த வரியைச் சொன்னால் தூரத்தில் இருப்பவர் வீடு வந்து சேரலாம் என்று அவள் கற்றிருக்கிறாள். போர்டிங் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இப்போது என் காதில் கேட்டது. விடிந்ததிலிருந்து அடைகிற வரை சொன்னதும் கேட்டது. அவரும் அதை நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடமே நடுங்குகிற மனிதர், துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

இன்னொரு வரியும் உண்டு. அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு இரக்கமுள்ள மனதைத் தந்தருளும் சுவாமி" என்று ராஜாவுக்காக ஜெபிப்பார். அவர் பிரம்பை எடுக்கும்போதெல்லாம் சுகிர்தம் அந்த வரியைச் சொல்வாள். அதை எங்கே எப்படிப் பொருத்திக்கொண்டாள் என்று எங்களுக்குத் தெரியாது. தன்னைப் பரிகாசம் பண்ணுகிறாள் என்று எண்ணி அவர் இன்னும் ஓங்கி அடிப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கசாயத்தினால் இறங்கியதா, தண்ணீரினால் இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆண்டவர் எதைக் கொண்டு செய்தாலும் செய்தவர் அவரே. நான் கேட்டது காய்ச்சலுக்குக்கூட அல்ல. எனக்குக் காட்டும் என்றேன், காட்டினார். கேட்ட வாயை மூடுமுன் காட்டினார். அந்த நன்றியை நான் சாகிறவரை சொன்னாலும் தீராது. ஆனால் நன்றி சொல்ல முழங்காலிடும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வந்து நிற்கிறது. ஏன் இதை நான் முன்னமே கேட்கவில்லை? பிள்ளையை அடக்கும் என்று கேட்டேன், மாற்றும் என்று கேட்டேன், ஊர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்டேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

அன்று முதல் எங்கள் வீடு மாறிப்போயிற்று. அவர் பிரம்பை வீட்டிலும் எடுப்பதில்லை, பள்ளியிலும் எடுப்பதில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, பிரம்பில்லாமல் பள்ளிக்கூடமா என்று முகம் சுளித்தாராம். குடும்ப ஜெபம் இப்போது சின்னது. "தண்ணி தந்தீர், சோறு தந்தீர், சுகிர்தத்தைத் தந்தீர்" என்கிற அளவில்தான். சோறு அடிப்பிடிப்பதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறோம். இது என்ன புது மார்க்கம் என்று உபதேசியார் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும். கண்ணை மூடி நான் இழந்தது எனக்குத்தான் தெரியும்.

செம்பைக் காட்டித் தண்ணி என்று சொல்லிக் கொடுத்தோம். பாயைக் காட்டிப் பாய் என்றோம். ஒவ்வொரு சொல்லுக்கும் மாசக் கணக்கில் ஆயிற்று. வேண்டாம் என்று அவள் முதல்முதலாகச் சொன்ன அன்று, பிள்ளைக்குப் பட்டம் கிடைத்ததுபோல நான் பாயாசம் காய்ச்சினேன். அவள் அதையும் வேண்டாம் என்றாள். அம்மா என்பது வர மறு வருஷம் ஆயிற்று. இப்போது ஒன்பது வயது. மற்றப் பிள்ளைகளைப்போல வளவளவென்று பேசமாட்டாள், பேசப்போவதுமில்லை என்று தோன்றுகிறது. கடிப்பது அநேகமாக நின்றுவிட்டது. சபையில் எல்லோரும் கைகுவிக்கும்போது அவள் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். ஒழுங்காய் நில்லு என்று சிலர் அதட்டினதையும் பார்த்தேன். அவளை அதட்டாதீர்கள். அந்தக் கைகளை நாங்கள் அப்படி ஆக்கிவிட்டோம். அதை மட்டும் சரிப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது பேச்சு வராத பிள்ளையோ, பேசியும் விளங்காத பிள்ளையோ, கடித்து எறிகிற பிள்ளையோ இருந்தால், கிணற்றைப் பார்க்காதீர்கள். அதுவும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது என்ன என்று உங்களுக்குக் காட்டும்படி ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். என்னைப் போன்ற மரமண்டைக்கே காட்டினவர் உங்களுக்குக் காட்டமாட்டாரா?

கடைசியாக ஒரு விஷயம். இந்த வருஷமும் மழை பொய்த்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக்குச் சுகிர்தத்தை அழைத்துவந்து மழைக்கு ஜெபிக்கச் சொல்ல வேண்டும் என்று சபை மூப்பர்கள் ஆள் அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம். மழைக்கு நாம் பெரியவர்கள் ஜெபிப்போம். பண்டிகைக்கு அவள் வருவாள், எல்லாப் பிள்ளைகளையும்போல வந்து சாப்பிடுவாள். கூட்டத்தைக் கண்டு பயந்தால் அவளுக்குச் சொந்தச் சொல் மறந்துபோகும், அப்பாவின் பழைய வரிதான் வாயில் வரும். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டு தூரத்தில் இருக்கக்கூடும். அந்த நேரம் அவள் பக்கத்தில் இருக்கிற சகோதரி யாராயிருந்தாலும், உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், ஆமென் சொல்லாதீர்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள்.